2147483647: ஒரு பெரிய பகா எண்ணைக் கையால் தொட்டுப் பார்ப்பது எப்படி?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை தானாகவே நின்றுவிடும். அணைத்து மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். சூடாகிறது என்று ஃபேனை மாற்றினோம். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று பவர் சப்ளையை மாற்றினோம். மறுபடியும் நின்றது. ஒரு நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு தடவையும் 24 நாள், 20 மணி, 31 நிமிடத்தை ஒட்டித்தான் நின்றிருக்கிறது. அதை மில்லிவிநாடியாக மாற்றினால் 2147483647 பக்கத்தில் வருகிறது. உள்ளே இருந்த நேர எண்ணிக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. அந்த எண்ணைத் தாண்டியதும் மைனஸில் போய் விழுந்திருக்கிறது.

பெட்டியைச் சரிசெய்துவிட்டோம். எண் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் அது ஒரு பகா எண் என்று தெரிந்தது. இப்போது சனிக்கிழமை மாலையில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் கூடிக் கணக்குப் போடுகிறோம்: நான், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், டாக்ஸி ஓட்டும் ஓர் அண்ணன், எஸ்.பி.எம். (பள்ளி இறுதிப் பரீட்சை) எழுதப்போகும் ஒரு தம்பி. பெரிய பகா எண் என்றால் கணினிக்குத்தான் புரியும் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காக, நாங்கள் போன வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தேவையானவை: கட்டம் போட்ட நோட்டு, 10 இலக்கம் காட்டும் கணிப்பான், பொறுமை. எண்ணுக்கும் சரியாக 10 இலக்கம்தான். படிவம் 3 (ஒன்பதாம் வகுப்பு) வரை படித்த கணக்கு போதும்.

முதல் படி: எண்ணின் உருவத்தைப் பார்ப்பது

இதை வாய்விட்டுப் படித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பில்லியன் என்றுதான் தொடங்குவார்கள். எப்படிப் படித்தாலும் அதன் குணம் வெளியே தெரியாது. குணம் தெரிய வேண்டுமானால் 2-ஐ அடுக்கிப் பாருங்கள்.

2¹⁰ = 1024. இரண்டு 1024-ஐப் பெருக்கினால் 2²⁰ = 1048576. இன்னொரு 1024 சேர்த்தால் 2³⁰ = 1073741824. அதை இரட்டித்தால் 2³¹ = 2147483648. நம் எண் அதற்கு ஒன்று குறைவு: 2³¹ − 1. இனி வரும் எல்லாச் சலுகையும் இந்த உருவத்திலிருந்துதான் கிடைக்கிறது. இதே அளவில் வேறொரு பகா எண்ணை எடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாக இருக்காது.

இரண்டின் ஓர் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் இப்படிப்பட்ட எண் பகா எண்ணாக வாய்ப்பு உண்டு. 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. அடுக்கு 15 உடைவதால் எண்ணும் உடைகிறது. நம் அடுக்கு 31 உடையாது. ஆனால் அது மட்டும் போதாது; 11-உம் பகா எண்தான், ஆனாலும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இரண்டாம் படி: மேலோட்டச் சோதனை

கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டல் 46, 3-உம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 17, 29, வித்தியாசம் 12, 11-உம் இல்லை. இதோடு பள்ளிக்கூடத் தந்திரங்கள் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: எதுவரை வகுக்க வேண்டும்?

ஓர் எண் உடையுமானால் இரண்டு காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்குத்தொகை எண்ணைத் தாண்டிவிடுமே. 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281. நம் எண் இடையில் நிற்கிறது. ஆக, 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

போதும் என்று சொல்வது சுலபம். அங்கே மொத்தம் 4792 பகா எண்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் 80 மணி நேரம்.

இந்த இடத்தில் தம்பி குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். அவன் கணிப்பானில் காரணிப்படுத்தும் வசதி இருந்தது. எண்ணைக் கொடுத்து அழுத்தினான். அதே எண் அடைப்புக்குறிக்குள் வந்தது. “முடிஞ்சது அண்ணே, பகா எண்தான்!” என்று எழுந்துவிட்டான். முடியவில்லை. அந்த வகைக் கணிப்பான்கள் மூன்று இலக்கக் காரணிகள் வரைதான் தேடும். அதற்கு மேல் உடைக்க முடியாததை அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டும். 1018081 கொடுத்தாலும் அப்படியேதான் வரும். ஆனால் அது 1009 × 1009. அடைப்புக்குறி என்றால் “எனக்குத் தெரியாது” என்று பொருள். இதில் ஏமாறாதவர் குறைவு.

நான்காம் படி: ஆய்லரின் சல்லடை

ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை. கட்டுரையில் மனசு வைத்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். தே தாரேக் (ஆற்றிய பால் டீ) வேண்டுமானால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடிகாரக் கணக்கு. 23 மணி கொண்ட ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 23 வந்தால் பூஜ்யம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகிறோம்: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, மறுபடி 1. (16-ஐ இரட்டித்தால் 32, அதில் 23 போக 9.) எண்ணிப் பாருங்கள், சரியாக 11 தடவை இரட்டித்ததும் 1-க்கே வந்துவிட்டோம். அதாவது 2¹¹-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 1. 2¹¹ − 1-ஐ வகுத்தால் மீதி இல்லை. 2047 ஏன் 23-ஆல் உடைகிறது என்பது இந்தச் சுற்றில் கண்ணுக்கே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 23-இல் ஒன்று குறைத்தால் 22, அது 11-இன் மடங்கு. இது தற்செயல் இல்லை. பகா எண் கடிகாரம் எதுவானாலும், மணியைவிட ஒன்று குறைவான தடவை இரட்டித்தால் 1-க்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம் (2 மணிக் கடிகாரம் மட்டும் விலக்கு). ஆகவே சுற்றின் நீளம் அந்த ஒன்று குறைந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும்.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் ‘க’ அதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ‘க’ மணிக் கடிகாரத்தில் 31 தடவை இரட்டித்தால் 1 வருகிறது. 31 பகா எண் என்பதால் அதற்கு முன்பே சுற்று முடிய வழியில்லை. சுற்றின் நீளம் 31-தான். ஆகவே க − 1 என்பது 31-இன் மடங்கு. ‘க’ ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படையும்கூட. சேர்த்துப் பார்த்தால் 62-இன் மடங்கு. வகுக்கக்கூடியவை 63, 125, 187, 249, 311 என்று 62-ஆகத் தாவும் எண்கள் மட்டுமே. மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது சல்லடை இன்னும் நைசானது. 2³¹ என்பது அந்தக் கடிகாரத்தில் 1. அதனால் 2³² என்பது 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, அந்தக் கடிகாரத்தில் 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. 2-க்கு வர்க்கமூலம் உள்ள ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வரும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். நிரூபணத்தை இப்போதைக்கு நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். 63-க்கு மீதி 7, சரி. 125-க்கு 5, 187-க்கு 3, இரண்டையும் தள்ளுங்கள். 249-க்கு 1, சரி. அப்புறம் இதே வரிசை 248-க்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும்.

46340-க்குள் இப்படி மிஞ்சுபவை, பகா எண் அல்லாத 63-ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் 3, 5, 7 என்று உடைகிறவற்றைக் கழித்துப் பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் நூறுக்கும் குறைவே. 80 மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது!

நேரே பெரிய எண்ணில் இறங்காமல் முதலில் சின்னதில் கை பழகுங்கள். 2²³ − 1 = 8388607. அடுக்கு 23, ஆகவே தாவல் 46. முதலில் வருவது 47, 8-ஆல் வகுத்தால் மீதி 7, பகா எண். வகுத்துப் பாருங்கள்: 47 × 178481 = 8388607. முதல் கல்லிலேயே மாங்காய். 2²⁹ − 1 = 536870911-க்குத் தாவல் 58. 59, 117, இரண்டும் சல்லடையில் விழாது. 175 விழுந்தாலும் பகா எண் இல்லை. அடுத்தது 233, அது வகுத்துவிடும். இத்தாலியரான கத்தால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளும் பகா எண் தரும் என்று எழுதினார். சரியாகப் போனது 31 மட்டும். “47-ஆல கூட வகுத்துப் பார்க்கலையா அவரு?” என்று அண்ணன் கேட்டார். பாவம், அவர் கையில் இந்தச் சல்லடை இல்லை.

இனி உண்மையான வேலை. 63, 249 இரண்டும் 3-ஆல் வகுபடுவதால் முதலில் சோதிக்க வேண்டியது 311.

2147483647 ÷ 311 என்று போட்டால் 6905092.113 வரும். தசமப் பகுதியை வைத்து மீதி கண்டுபிடிக்காதீர்கள். திரையில் அது முழுதாக இருக்காது. முழு எண்ணைத் திரும்பப் பெருக்குங்கள்: 6905092 × 311 = 2147483612. கழித்தால் மீதி 35. வகுபடவில்லை. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்தது 1489, மீதி 199. இடையில் வரும் 497, 559, 745, 807 எல்லாம் உடைகிற எண்கள், தாண்டிப் போகலாம். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எண், ஈவு, மீதி. மீதி 0 எங்கேயும் வரக் கூடாது.

நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டு மூன்று சனிக்கிழமையில் முடித்தோம். தம்பியின் நோட்டில் ஓரிடத்தில் 0 வந்து, எல்லோரும் பதறி, கடைசியில் அவன் எண்ணையே தப்பாக அடித்திருந்தான் என்று தெரிந்தது தனிக் கதை.

இந்த எண் பகா எண் என்று ஆய்லர் 1772-இல் இந்த வழியில்தான் காட்டினார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. கணிப்பான் வைத்துக்கொண்டு சலித்துக்கொள்ளும்போது நான் அதை நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் படி: நான் விழுந்த குழி

வகுக்காமலேயே சோதிக்க ஃபெர்மா தேற்றத்தைத் திருப்பிப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். கடிகாரத்தில் ஒன்று குறைந்த தடவை இரட்டித்து 1 வந்தால் அநேகமாகப் பகா எண். நானும் அப்படிச் செய்து, 1 வந்ததும் ஊருக்கெல்லாம் சொன்னேன். டீச்சர்தான் அமைதியாக, “அதே சோதனையை 2047-க்குப் போட்டுப் பாருங்க” என்றார். போட்டேன். அதற்கும் 1 வந்தது. 2047 பகா எண் இல்லையே!

காரணம் எளிது. 2047 மணிக் கடிகாரத்தில் 11 தடவை இரட்டித்தாலே 1 வந்துவிடும். 2046 என்பது 11-இன் மடங்கு. வராமல் எங்கே போகும்? அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் இந்த வகை எண்கள் எல்லாமே தேறிவிடும். மெர்சென் எண்ணிடம் 2-ஐ அனுப்பி விசாரிப்பது திருடன் வீட்டுப் பிள்ளையையே சாட்சிக்குக் கூப்பிடுவது மாதிரி.

இவற்றுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் 2 குறைத்தால் வரும் எண்ணிக்கைக்கு இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை.

2⁷ − 1 = 127-க்குப் போட்டுப் பார்ப்போம், 5 தடவை: 4, 14, அப்புறம் 194-இல் 127 போக 67, 67-இன் வர்க்கத்திலிருந்து 42, அதிலிருந்து 111, அதிலிருந்து 0. கடைசிப் படியை மட்டும் விரித்தால் 111 × 111 − 2 = 12319 = 127 × 97. 2047-க்கு 9 தடவை செய்தால் 1736 வந்து நிற்கும், வேஷம் கலைந்துவிடும்.

நம் எண்ணுக்கு 29 தடவை செய்ய வேண்டும். இடையில் 19 இலக்க எண்கள் வரும். கணிப்பான் தாங்காது, கைப்பேசியில் பைத்தான் என்ற நிரல்மொழியைப் போட்டு நான்கே வரியில் முடிக்கலாம். பைத்தானில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு இல்லை என்பதால் பாயான் லெப்பாஸ் பெட்டிக்கு வந்த கதி இங்கே வராது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 41024320 இலக்கம் கொண்டது, அதையும் இந்தச் சோதனையால்தான் உறுதிசெய்தார்கள்.

ஆறாம் படி: பகா எண் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியவை

பலர் ஐந்தாம் படியோடு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ ருசி இனிமேல்தான்.

சின்னச் சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 4-ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7, ஆகவே மூன்று வர்க்கங்களாலும் முடியாது, நான்கு வேண்டும். இரட்டைப் பகா எண்ணும் இல்லை: இரண்டு குறைத்தால் 5-ஆல் வகுபடும், இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும். 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் (தன்னைத் தவிர தன்னை வகுக்கும் எல்லா எண்களின் கூட்டலுக்கும் சமமான எண்) வரும், 6, 28, 496 என்று தொடங்கும் வரிசையில் எட்டாவது. ஆங்கிலேயரான பார்லோ 1811-இல், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப் போவதில்லை, அதனால் பயனும் இல்லை என்ற கருத்தில் எழுதி வைத்தார். ஆரூடம் பலிக்கவில்லை.

இந்தக் கடிகாரத்தில் 2-இன் வர்க்கமூலம் 65536. நம்பிக்கை இல்லாவிட்டால் பெருக்குங்கள்: 4294967296. அதில் நம் எண்ணை இரண்டு தடவை கழித்தால் 2 மிஞ்சும்.

இப்போது சுற்றுகள். 2-ஐ வைத்துப் பெருக்கிக்கொண்டே போனால் 31 தாவலில் சுற்று முடிந்துவிடும். இவ்வளவு பெரிய கடிகாரத்தில் வெறும் 31 இடம்! எல்லா இடத்தையும் தொட்டுவரும் எண் எது? நம் எண்ணில் ஒன்று குறைத்துக் காரணிப்படுத்துங்கள்: 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. ஒரு சுற்று முழுச்சுற்றா என்று பார்க்க, 2147483646-ஐ இந்த ஏழு பகாக் காரணிகளாலும் தனித்தனியே வகுத்து, கிடைக்கும் ஒவ்வோர் அடுக்கிலும் 1 வராமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பைத்தானில் ஏழு வரி. 2 தேறாது, 3 தேறாது, 5, 6-உம் தேறாது. முதலில் தேறுவது 7. இதற்கு முதன்மை மூலம் என்று பெயர்.

7-இன் ஐந்தாம் அடுக்கு 16807. மேலே உள்ள காரணிப் பட்டியலில் 5 இல்லாததால் அதுவும் முழுச்சுற்றுப் போகும். 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர், கணினியில் சமவாய்ப்பு எண்கள் (குலுக்கல் போல ஒழுங்கில்லாமல் வரும் எண்கள்) உண்டாக்க இந்த 16807-ஐயும் நம் பகா எண்ணையும் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 16807-ஆல் பெருக்கி மீதி எடுப்பதுதான் மொத்த வித்தை.

இதில் ஒரு படியைத் தாளில் செய்து பாருங்கள். 1, 16807, அடுத்தது 282475249. அதை மறுபடி 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. மீதி காண நம் எண்ணாலேயே வகுக்க வேண்டியதில்லை. 2³¹ = 2147483648-ஆல் வகுங்கள்: ஈவு 2210, மீதி 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. அதுதான் விடை. ஒவ்வொரு 2³¹-உம் இந்தக் கடிகாரத்தில் 1 என்பதால் ஈவை அப்படியே மீதியோடு சேர்த்துவிடலாம். 9-ஆல் வகுக்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே வித்தைதான். இலக்கம் மட்டும் கொஞ்சம் பெரியது. கணினிக்கு 2-இன் அடுக்கால் வகுப்பது ஒரு வெட்டு வேலை என்பதால் இந்தப் பகா எண்ணை அதற்குப் பிடிக்கும். ஆனால் கடவுச்சொல், பண விவகாரத்துக்கெல்லாம் இந்தச் சமவாய்ப்பு எண்களை நம்ப வேண்டாம். ஒன்று தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

இந்த எண் நாள்காட்டியிலும் ஒரு நாள் வந்து நிற்கும். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணும் பழைய கணினிகளில் அந்த எண்ணிக்கை மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பும். எந்தெந்தப் பெட்டி எங்கெங்கே நிற்குமோ.

இங்கே வரை கை பழகியவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 2-ஐ 31 தடவைக்குப் பதில் 2147483647 தடவை அடுக்கி ஒன்று குறைத்தால் கிட்டத்தட்ட 646 மில்லியன் இலக்கம் கொண்ட ஓர் எண் வரும். அது பகா எண் இல்லை; 295257526626031 அதை வகுக்கும். அந்தப் பெரிய எண்ணை எழுதிப் பார்க்க நோட்டு போதாது. ஆனால் நான்காம் படியின் முதல் சல்லடை இங்கேயும் செல்லும்: காரணியில் ஒன்று குறைத்தால் வருவது நம் பகா எண்ணின் இரட்டைப்படை மடங்காக இருக்க வேண்டும். டீச்சர் அதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டார். ஈவு 137490, மீதி ஒன்றுமில்லை.